அலமாரியில் இருக்கும் முசல்லா

உத்தமபாளையம்,
வியாழன் காலை.

அன்பு மகள் ரெஹானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுவது.

இங்கே நானும் உன் ரஃபியா மாமியும் நலம். இரண்டு நாளாகச் சாரல். இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். காலையிலிருந்து நாலு தடவை உன் எண்ணை எடுத்தேன். மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். மகளிடம் பேசக்கூடிய விஷயமா என்ற கூச்சம்தான்.

நேற்று நாம் வீடியோவில் பேசும்போது மாலைத் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொன்னது. நீ தொழ எழுந்திருக்கவில்லை. தொழுகை இல்லாத நாள் வந்துவிட்டது, இந்த மாதமும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாலு வருடமாக நீயும் மருமகன் அஸ்லமும் காத்திருப்பது தெரிந்தும், ஒரு ஆறுதல்கூடச் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசினேன்.

பிறகு தங்கை ரஃபியாவிடம் கேட்டேன். "ஆறு நாள் தள்ளிப் போயி, இப்ப ரெண்டு நாளா லேசாத்தேன் படுதாம். நெஞ்சு கனமா இருக்காம், வலது அடிவயித்துல வலியாம். மாசம் வரயில எங்களுக்கெல்லாம் இருக்குறதுதேன். பாடம் நடத்துன வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதாக்கும்?" என்று என்னையே கேலி செய்தாள்.

நான் அந்த இனப்பெருக்கப் பாடத்தை நடத்தியதே இல்லை, ரெஹானா. முப்பத்தொரு வருடமும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

உன் அம்மா மதீனா வயிற்று வலியில் மவுத்தானாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது பாதிதான். உனக்கு அப்போது ஐந்து வயது. உனக்கொரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்று மதீனா ஆசைப்பட்ட சமயம். அவளுக்கும் தள்ளிப் போய்த்தான் லேசாக உதிரம் பட்டது. தொழுகை விரிப்பை, அந்த முசல்லாவை, மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். நம் வீடுகளில் ஆண்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதோடு சரி. நானும் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் தேர்வு மேற்பார்வைக்குக் கிளம்பும்போது, "இந்தத் தடவ ஒரு மாதிரியா இருக்குங்க. ஒரு பக்கமா இழுக்குது, தோள்பட்டை வேற வலிக்குது" என்றாள். தைலம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மதியம் மயங்கி விழுந்தாள். காரில் தேனிக்குக் கொண்டுபோனோம். சின்னமனூர் தாண்டுமுன் உயிர் போய்விட்டது. கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் கரு தங்கி வெடித்திருக்கிறது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார்.

அந்த முசல்லா மடித்தது மடித்தபடி இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், அவள் வாசலில் நின்று சொன்னது காதில் விழுகிறது. நேற்று நீ எழுந்திருக்காதபோதும் விழுந்தது.

நான் டாக்டர் இல்லை. தப்பாகவும் இருக்கலாம், பயந்த சுபாவம் வேறு. ஆனாலும் படித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். நெஞ்சுக் கனம், அசதி, அடிவயிற்று வலி மாதவிலக்குக்கும் வரும், கரு தங்கினாலும் வரும். உடம்பை வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நாள் தள்ளியிருந்தால் சோதனைதான் சொல்லும். லேசாகப் படுவதை மாதவிலக்கு என்று கணக்கில் வைக்காதே. ஒரு பக்கமாக வலித்தால் காத்திருக்கவே கூடாது.

அதனால் இதைப் படித்தவுடன் அஸ்லமை வண்டி எடுக்கச் சொல். தனியாகப் போகாதே. டாக்டரிடம் 'வந்துவிட்டது' என்று மட்டும் சொல்லிவிடாதே. கடைசியாக வந்த தேதி, தள்ளிய நாள், பட்டது எவ்வளவு, வலி எந்தப் பக்கம் எல்லாவற்றையும் சொல். உன் அம்மா விஷயத்தையும் சொல். ஸ்கேன் பார்க்கச் சொல். ஒன்றுமில்லை என்றால் அத்தாவைத் திட்டிக்கொள். குழந்தை வேண்டும் என்று நானும் துஆ செய்கிறவன்தான். ஆனால் இன்று நான் கேட்பது உன்னை மட்டும்.

போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் இந்த முறை மழையைப் பற்றிப் பேசமாட்டேன், கேட்பேன். நீ நல்லபடியாக வீடு திரும்பிவிட்டாய் என்று தெரிந்ததும், அடுத்த தொழுகை வக்தில், உன் அம்மாவின் முசல்லாவை எடுத்து விரித்துத் தொழுகிறேன். அதை விரிக்க வை, மகளே.

அல்லாஹ்வின் காவலில் உன்னை ஒப்படைக்கும்,
உன் அத்தா,
ராஜா முகம்மது.