சலோமி எழுதிய தாவரவியல்

செவ்வாய்க்கிழமை, சித்தூர்.

இன்று திருப்பதியில் கூட்டம். பட்டப்படிப்புப் பாடநூல்களை வட்டார மொழிகளில் எழுத அரசு மானியம் தருகிறது. விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் நானும் ஒருவன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குப்பம் ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் சலோமி, தமிழில் தாவரவியல் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மறுத்துவிடும் எண்ணத்தோடுதான் போனேன்.

"பசங்கெல்லாம் கம்ப்யூட்டர், அமெரிக்கான்னு போய்க்கினு இருக்காங்க. இதை யாரும்மா படிப்பாங்க?" என்று கேட்டேன். என் மகனும் விசாவுக்குக் காத்திருக்கிறான்.

"என் கிளாஸ்ல பதினோரு பேரு சார். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். ஃபெயிலாய்க்கினே இருந்தாங்க. போன வருசம் இதை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன். பரீட்சை இங்கிலீஷ்லதான், ஆனா புரிஞ்சி எழுதினாங்க. ஒம்போது பேரு பாஸ்."

மானியம் தரலாம் என்று முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. "மூணாவது பாடத்தை மட்டும் ஒருக்கா பாத்துக் குடுங்க சார். தப்பிருந்தா பசங்க அப்படியே படிச்சிடும்" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாடத்தை நான் என் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒப்பித்து வருகிறேன். புரியாமல் உட்கார்ந்திருக்கும் முகங்கள் எனக்கும் தெரியும். ஆனால் எழுத வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பன்னிரண்டு பக்கம் படித்துவிட்டேன். ஒரு தப்பும் அகப்படவில்லை. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறுவதை இவ்வளவு சுலபமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது. முடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.