சீபெல் விமானத்தில் எது அசல்

பிரான்காச்சோ, பலெர்மோ
03.07.2025

அன்புள்ள மகள் அமலினிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம், உன் சுகத்தைத்தான் அறிய வழியில்லை. நாலு மாதமாக நீ போன் எடுப்பதில்லை, அதனால் தபாலில் வருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழைகளைப் பொறுத்துக்கொள்.

பொலிதேயாமாவில் நான் துப்புரவு செய்யும் வீட்டுக்கார சிஞோரா உன்னை விசாரித்தா. ஜெர்மனியில் பழைய விமானம் திருத்துகிறாள் என்றேன். என் இத்தாலியன் அவவின் நாய்க்குத்தான் முழுக்க விளங்கும். நீ விமானம் ஓட்டுகிறாய் என்று நினைத்து அவ சிலுவை போட்டுக்கொண்டா.

உங்கள் மியூசியத்து சீபெல் விமானத்தைப் படத்தில் பார்த்தேன். இரண்டு எஞ்சின் பூட்டி எட்டே எட்டுப் பேரையா ஏற்றினார்கள்? அந்த இடத்துக்குள் எங்கள் யாழ்ப்பாணத்து மினிபஸ்காரன் நாற்பது பேரை அடைத்திருப்பான்.

மாசியில் நான் மறைத்தது நீ எழுத இருந்த சோதினைக்காக. அம்மா ஆஸ்பத்திரியில் என்று சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். ஒரு வரியாவது எழுது, பிள்ளை.

அன்புடன் அப்பா,
இராஜநாயகம்


லைப்சிக்
21.07.2025

அப்பா,

கடிதம் கிடைத்தது.

சீபெல், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதிகாரிகளையும் அவசரக் கடிதங்களையும் கொண்டு திரிந்த விமானம். எங்களிடம் இருப்பதில் பாதிதான் அசல். இல்லாத துண்டை நாங்கள் செய்து பூட்டினால் அதில் "புதிது" என்று சீட்டு ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் அது பொய் என்பார் எங்கள் தலைமை மெக்கானிக்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளும் அம்மாவின் போனிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. "அதெல்லாம் கொப்பர் தட்டினது, பிள்ளை" என்று அம்மாவின் செத்தவீட்டில் மாமி உங்களைக் காட்டிச் சொல்லித்தான் தெரியும். நான் ஒன்றையும் அழிக்கவில்லை. அவற்றில் எது அம்மாவுடையது, எது நீங்கள் செய்தது? திகதி போட்டு எழுதுங்கள்.

பகிடி வேண்டாம்.

அமலினி


பிரான்காச்சோ
02.08.2025

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. இஞ்சை சரியான வெயில். மொண்டெல்லோக் கடற்கரை பஸ்ஸில் நெரிசலுக்குள் ஏறினால் இறங்கும்போது என் சட்டைதானா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. நீ கேட்டதை எழுத மூன்று தரம் பேனையோடு இருந்தேன். அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

அப்பா


பிரான்காச்சோ
19.08.2025

அமலினி,

போனைச் சார்ஜில் போட்டு, பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

மாசி 14, 15. அம்மா தன் கையால் எழுதியவை.

16. "காய்ச்சல் விட்டிட்டுது." நான். விடவில்லை.

17 தொடக்கம் 20 வரை எல்லாம் நான். "இடியப்பம் அவிக்கிறன்" என்றதும் நான்.

21. "குளிர், காதை மூடிக்கொண்டு போ." அம்மா சொன்னா, நான் தட்டினேன்.

22, 23, 24. நான். அம்மாவின் வாயில் குழாய் இருந்தது.

25, உன் சோதினை நாள், காலை ஏழரை. "வடிவா எழுதிப்போட்டு வா, என்ரை குஞ்சு." நான். அம்மா ஆறு மணிக்கே போயிட்டா.

போனில் இல்லாதது ஒன்று இருக்கிறது. 21ஆம் திகதி, காதை மூடச் சொன்ன பிறகு, அம்மா என் கையைப் பிடித்து, "அவளை ஒருக்கா வரச் சொல்லுங்கோப்பா" என்றா.

நான் "ஓம், சொல்லுறன்" என்றேன்.

இராஜநாயகம்