இரட்டையரின் இரு நூல்கள்

நிலம் குளிர்க, நெற்களம் நிறைக. மூன்று ஆறுகள் முறை தவறாது பாயும் வேங்கைநாட்டு வேந்தர், பகைவர் பணியும் பெருநன்ன மாராயர் திருவாணைப்படி, முதலமைச்சர் கொற்றங்குமரனார் கருங்கோட்டைக் காவல்தலைவர் வயவனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் குறைவின்றி வாழ்க. அமைச்சர் சொல்லக் கேட்டு எழுதுபவன் கீரன்.

அரசரை எதிர்த்து வாளெடுத்து வீழ்ந்த வெளியர் என்பாரோடு ஒரே கருவில் பிறந்த இளவல் தித்தர் தங்கள் சிறையில் இருக்கிறார். அவர் தலையையும் கொய்ய வேண்டுமென்று அவையோர் கேட்டனர். தலையெழுத்தென்பது மண்டைக்குள்ளே மூளையின் மடிப்பாக எழுதப்பட்டிருக்கிறது, இரட்டையர்க்கு மடிப்பு ஒன்றே, ஆகவே வஞ்சகமும் ஒன்றே என்பது அவர்கள் வாதம். அவையிலே மூத்தோர்க்குக் குறைவில்லை, மூளைக்குத்தான் பஞ்சம். கலகச் செய்தியை அமைச்சர்க்கு முதலில் அறிவித்தவரே தித்தர் என்பதை எடுத்துரைத்தும் எவரும் செவிகொடுக்கவில்லை.

மடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், போரில் மாண்டோரிடத்தில் அளந்தே கண்டேன் என்று மருத்துவர் ஆதனார் மறுத்தார். இரட்டையரை அளந்ததுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வாரமே கொள்ளைக் காய்ச்சலில் அமைச்சரின் இரட்டைப் பெண்மக்கள் எயினியும் மருதியும் ஒரே பகலில் மாண்டனர். அமைச்சர் இருவர் உடலையும் மருத்துவரிடம் ஒப்படைத்தார். தித்தரைக் காக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. அவர் அழவில்லை. சோறு வைத்தார்கள், உண்டார். உப்பிட மறந்ததைச் சமையற்காரர் வந்து சொன்ன பிறகே அறிந்தார்.

உப்புநீரில் இட்டு இறுகச்செய்த ஒருத்தியின் மூளையில், இடக்காதுக்கு மேலே ஓடும் பள்ளத்தின் வளைவுதோறும் நனைத்த நூலைப் பதித்து, பள்ளம் முடியுமிடத்தில் அறுத்தெடுத்தார் ஆதனார். மற்றவளுக்கும் அவ்வாறே செய்தார். அவையில் இரு நூல்களையும் அருகருகே பிடித்தபோது ஒன்று ஒரு விரற்கடை குறைந்து நின்றது. நம்பாதவர்கள் தாங்களே வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அரசர் கொலையாணையை மீட்டுக்கொண்டார்.

பிறகு நூல்களில் பெயர்ச்சீட்டுக் கட்டுவதற்காக, எது எவளுடையது என்று மருத்துவர் அமைச்சரைக் கேட்டார். அமைச்சர்க்குத் தெரியவில்லை. உயிரோடிருந்தபோதே எயினியை மருதி என்பார், மருதியை எயினி என்பார். பெண்களும் சிரித்துக்கொண்டே எந்தப் பெயருக்கும் வருவார்கள். அடையாளம் அறிந்தவர் தாய் அழிசியார் ஒருவரே. உடல்களோ அதற்குள் எரிந்து முடிந்திருந்தன. அமைச்சர் நூல்களை அவரிடம் கொண்டுபோனார். அம்மையார் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார்.

"முகத்தைக் காட்டியிருந்தால் சொல்லியிருப்பேனே. நூலைக் காட்டி எவள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?" என்றார்.

இதைச் சொல்கையிலும் அமைச்சர் குரல் மாறவில்லை. எழுதுகிறவன் கைதான் நின்று நின்று எழுதியது.

ஆகவே அரசாணை இது. ஓலை கண்டவுடன் தித்தரை விலங்கு நீக்கி, நீராட்டி, தக்க துணையோடு தலைநகர்க்கு அனுப்புக. வஞ்சகனின் உடன்பிறப்பு என்று அவரை இனி எவரும் விளிக்கலாகாது. அவர் பெயரால் மட்டுமே அழைக்க. சான்றாக இரு நூல்களும் இவ்வோலையோடு வருகின்றன. கண்டபின் ஒன்றோடொன்று சிக்காதபடி தனித்தனியே சுற்றித் திருப்பியனுப்புக. வேங்கை முத்திரை இடப்பட்டது.

நூல்களின்மேல் பெயர் எழுத வேண்டா. அதை இங்கே எவரும் அறியோம்.