பாதியில் நின்ற ஓவர்ச்சர்

மே 12

அன்புள்ள லோர்னா,

நானும் ஜெனலும் நலம். புயல் செய்தி ராச்செஸ்டரில் உன் மருத்துவமனைத் தொலைக்காட்சியிலும் வந்திருக்கும், அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். தொலைபேசிக் கம்பிகள் இன்னும் அறுந்துதான் கிடக்கின்றன. கொட்டகையின் தென்புறத் தகரம் பறந்துவிட்டது. பன்றிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோளம் பாதி விதைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளியில் வசந்தகாலக் கச்சேரி. கடைசி உருப்படியாக அந்த ஓவர்ச்சர் என்ற வாத்திய இசை. பாத்திரம் கழுவும்போது நீ முணுமுணுப்பாயே, அதை வாசிக்காத பள்ளி பேண்டே கிடையாது என்பாயே, அதுதான். வேகமான முதல் பகுதி முடிந்தது. நிதானமான நடுப்பகுதியை நம் ஜெனல்தான் அவள் பித்தளை ஊதுகுழலான ஹார்னில் தனியாகத் தொடங்க வேண்டும். அவள் அதை வாயருகே கொண்டுபோன நேரம் புயல் எச்சரிக்கைச் சைரன் ஊதியது.

பேண்டு ஆசிரியர் ஹாகன் குரலை உயர்த்தவே இல்லை. "வாத்தியத்த கீழ வெச்சிட்டு வகுப்பறைகளுக்கு நடுவுல இருக்கிற நடையில போய் உக்காருங்க. யாரும் ஓடக்கூடாது" என்றார். நடைக்குப் போவதற்குள் விளக்குகள் அணைந்தன. சுவரோரம் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். கட்டடமே மூச்சு வாங்குவது போலிருந்தது. சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். பக்கத்து வயல்காரன் டெல்மர், "வெர்லின், உன் பன்னிங்க நம்மள விட நிம்மதியா இருக்கும்டா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நடையின் அந்தக் கோடியிலிருந்து ஹார்ன் கேட்டது. நம் பெண் அதைக் கீழே வைக்கவே இல்லை. முதல் சுரம் நடுங்கியது. அடுத்தது உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. திருப்பத்துக்கு அப்பாலிருந்து ஒரு புல்லாங்குழல் சேர்ந்தது, பிறகு கிளாரினெட்டுகள். ஆசிரியர் சொல் கேளாத பிள்ளைகள் இத்தனை பேரா! வாத்தியம் இல்லாதவர்கள் வாய்க்குள் பாடினார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்செடுத்தார்கள், லோர்னா. அந்த இரைச்சலிலும் அந்த மூச்சு எனக்குக் கேட்டது. அழுத பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். ஹாகன் கைவிளக்கோடு வந்தார், தாளம் காட்டக் கையைத் தூக்கினார், பிறகு மெல்ல இறக்கிக்கொண்டார்.

புயல் ஊருக்கு வடக்கே போய்விட்டது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை, கர்த்தருக்கு நன்றி.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெனல் ஒன்றே ஒன்று சொன்னாள். "அம்மாகிட்ட இதச் சொல்லாதப்பா. ஜூன்ல முழுசா வாசிக்கப் போறோம். அவங்களே வந்து கேக்கட்டும்."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் என்மேல் கோபித்துக்கொள். இரண்டாவது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நீ மருத்துவரிடம் சொன்னதாக உன் தங்கை எழுதியிருக்கிறாள். ஜெனலுக்கு அது தெரியாது. திங்கட்கிழமை மருத்துவர் மறுபடி உன்னிடம் கேட்பாராம். உன்னை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஜூன் கச்சேரிக்கு அம்மா வருவாளா என்று ஜெனல் தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

கர்த்தர் உன்னை எங்களுக்காகக் காப்பாராக.

உன்,
வெர்லின்