மெயினை அணைத்த பிறகும்

16-3-2000, வியாழன்

காலையில் போர்வெல் ஸ்டார்ட்டர் பெட்டி முனகியது, மீட்டர் முள் எகிறியது, தண்ணீர் ஏறவில்லை. அந்தப் பெட்டி எப்போதும் என் வீட்டுக்காரர் இலாகா. அவர் போனபின் யாரும் திறந்ததில்லை. எங்கள் பேட்டை அடுகோடி எலக்ட்ரீஷியன் நாகேஷ் போனிலேயே நோய் சொல்லிவிட்டான்: "ஸ்டார்ட்டிங் கண்டென்சர் போயிருக்கும்மா. யுகாதி ஆகட்டும், வரேன்." அதுவரை குளிக்க வேண்டாமா?

சாயங்காலம் சுப்ரியா போன். மகளிடம் வாய் தவறி மோட்டாரைச் சொல்லிவிட்டேன்.

"இதுக்குத்தாம்மா சொல்றேன், தனியா இருந்தது போதும். வீட்டைக் குடுத்துட்டு வைட்ஃபீல்டுல எங்க ஃப்ளாட்டுக்கு வந்துடு. யுகாதிக்கு பில்டரை வரச் சொல்றேன்."

"அன்னைக்கு மோட்டார் ஓடலேன்னா நானே கையெழுத்துப் போடறேன்."

ஏன் சொன்னேன்? வாய்!

18-3, சனி

மெயினை அணைத்து, பழைய கண்டென்சரைக் கழற்றி, அதே மாதிரி வாங்க எஸ்.பி. ரோடு மின்சாமான் கடைவீதிக்குப் போனோம் — நானும் பக்கத்து வீட்டு மௌரீனும். கான்வென்ட் நாளிலிருந்து ஒரே பெஞ்சு.

"யார் மாட்டறது, அஜ்ஜி?" என்றான் கடைக்காரன். அஜ்ஜி என்றால் இந்த ஊர் பாஷையில் பாட்டி.

"அஜ்ஜிதான்."

19-3, ஞாயிறு

நானே மாட்டினேன். ஓடியது! மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் — சங்கீதம்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒயர்கள் கோணலாக நின்றன. கான்வென்டில் தையல் சொல்லித் தந்த சிஸ்டர் பிரிஜெட் கோணல் தையலைப் பார்த்தால் பிரித்தே விடுவார். மெயினை அணைத்துவிட்டு நேராக்கக் கை வைத்தேன். முழங்கை வரை ஒரு அடி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மௌரீன் சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். "உயிரோட இருக்கியா, மேன்?" அவளுக்கு ஆணோ பெண்ணோ எல்லாரும் மேன்தான்.

"மெயின் ஆஃப் டீ! எல்லாம் விதிப்படி செஞ்சேன்!"

"அதுக்கு விதி தெரியாது போல."

கை வலியை விடக் கோபம்தான் அதிகம்.

22-3, புதன்

லைப்ரரியில் பௌதிகப் புத்தகம் எடுத்தேன். எங்கள் கான்வென்டில் பெண்களுக்குத் தையலும் தாவரவியலும்தான்.

கண்டென்சரில் இரண்டு உலோகத் தகடுகள். நடுவே மின்சாரம் கடக்க முடியாத மெல்லிய தடுப்பு. ஒன்றில் நேர் மின்னூட்டம், மற்றதில் எதிர். ஒன்றையொன்று இழுக்கும், சேர முடியாது. அந்த இழுபறியில்தான் சக்தி சேர்ந்திருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை விட்டதும் கண்டென்சர் தனியாகத் துண்டிக்கப்பட்டு, நிறைந்தபடியே நிற்கிறது. மெயினை அணைத்தால் அதற்கென்ன? ஒரு வழி கிடைக்கும்வரை காத்திருக்கும். ஞாயிறன்று வழி — என் கை.

24-3, வெள்ளி

கம்பிச் சுருளுக்கு வேறு குணம். டியூப் லைட்டின் சோக் அதுதான். மின்சாரம் ஓடும்வரைதான் அதனிடம் சக்தி, தன்னைச் சுற்றிக் காந்தப் புலமாக. ஓட்டத்தைத் திடீரென்று வெட்டினால் சும்மா விடாது, எகிறும். லைட்டின் ஸ்டார்ட்டர் வெட்டுகிற அந்தக் கணத்து எகிறல்தான் குழலை ஏற்றுகிறது.

மௌரீனிடம் விளக்கினேன். "உன்னை இந்த வீட்டை விட்டு வெட்டினா நீயும் அப்படித்தான், மேன்."

சரியாகத்தான் சொன்னாள்.

27-3, திங்கள்

ஜீரோ பல்ப் ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டினேன். மோட்டாரை ஓட்டி, மெயினை அணைத்து, ஒயர் நுனிகளைக் கண்டென்சர் முனைகளில் வைத்தேன். பல்ப் பளிச்சென்று மின்னி அணைந்தது. மெயின் இல்லாமல்! மௌரீன் கை தட்டினாள். அதன்பிறகு ஒயர்களை நேராக்கினேன். சிஸ்டர் பிரிஜெட்டே வந்து பார்க்கலாம்.

5-4, புதன், யுகாதி

சுப்ரியா வந்ததும் வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே தண்ணீர்.

"இன்னிக்கு ஓடறது சரிம்மா. உள்ளே எப்படி இருக்கோ" என்று சுப்ரியா மெயினை அணைத்து, மூடியைத் திறந்து, விரலை நீட்டினாள்.

"தொடாதே!"

தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஆஃப் பண்ணிட்டேனேம்மா."

"அது உனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது." பல்பை வைத்தேன். மின்னியது. அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"யாரும்மா மாட்டினது?"

"கோணல் இருக்கா, பாரு."

நிதானமாகப் பார்த்தாள். என் பெண்ணாச்சே, கோணல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். "இல்லே."

பில்டரின் கார் வாசலில் நின்றது. அவளே போய்ப் பேசினாள். கார் கேட்டுக்குள் வராமலே திரும்பிப் போனது.

13-4, வியாழன்

சுப்ரியா போன். அவள் ஃப்ளாட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதாம்.

"கண்டென்சர்தான். கையை வைக்காதே. சனிக்கிழமை வரேன்."

"ராத்திரி தங்கிடேன்."

"முடியாது. ஞாயித்துக்கிழமை இங்கே தொட்டி நிரப்பணும்."

"சரிம்மா. திரும்பக் கொண்டு விடறேன்."

வாதமே இல்லை. ஜீரோ பல்பைக் கைப்பையில் வைத்துவிட்டேன், பழைய துண்டில் சுற்றி.