கறிவேப்பிலை மரத்தடி மண்

என் அப்பாவுக்கு, உங்கள் புழு ஆபீசர் எழுதுகிறேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பியிடம், "ஏலே, புழு ஆபீசர் வந்துட்டாகடா, எந்திரிச்சு நில்லு" என்பீர்களே, அதே வேலைதான் இன்னும். பெரியகுளம் ஆய்வுக்கூடம், அதே மண்புழுக்கள். ஆனால் ஒரு வாரமாக ஒரு சோதனை முடிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

எங்கள் சோதனை எளிதுதான். பெட்டியின் நடுவில் ஒரு தடுப்பு வைத்து, ஒரு பக்கம் சந்தேகமான மண்ணும் மறுபக்கம் சுத்தமான மண்ணும் போடுவோம். தடுப்பை உருவிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் பத்துப் புழுக்களை விடுவோம். இரண்டு நாள் கழித்து எந்தப் பக்கம் எத்தனை என்று பார்ப்போம். பூச்சி மருந்து ஊறிய மண்ணில் புழு தங்காது.

போன தடவை சுருளிப்பட்டிக்கு வந்தபோது நம் திராட்சைத் தோட்டத்து மண்ணைச் சோதிக்க அள்ளினேன். சுத்தமான மண்ணுக்கு, கொல்லையில் நீங்கள் வைத்த கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு பை எடுத்துக்கொண்டேன். மருந்தே படாத இடம் என்று நினைத்துவிட்டேன்.

மூடியைத் திறந்தால் பத்தும் தோட்டத்து மண்ணில் இருந்தன, கறிவேப்பிலை மரத்தடி மண்ணில் ஒன்றுகூட இல்லை. சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். அதேதான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மருந்தடித்துவிட்டு வந்து ஸ்ப்ரேயரை அங்கேதான் கழுவுவீர்கள். "தண்ணிய ஏன் வீணாக்கணும், மரமாச்சும் குடிக்கட்டும்" என்பீர்கள்.

பயமாக இருக்கிறது அப்பா. தம்பி மனைவி செல்விக்கு இது ஏழாம் மாதம். தினமும் ரசத்துக்கு அந்த மரத்தில்தான் இலை கிள்ளுகிறாள். சொட்டு சாராயம் தொடாத உங்களுக்கு ஈரல் ஏன் கெட்டது? புழு அதற்குப் பதில் சொல்லாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

தம்பிக்கு போன் போட்டேன். ஸ்ப்ரேயரை வேறு இடத்தில் கழுவு, அந்த மரத்து இலை கொஞ்ச நாள் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.

"ஏன்க்கா, அப்பாவும் அங்கனதான கழுவுனாக. அவுகளுக்குத் தெரியாததா?" என்றான்.

அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். "உங்கப்பா வச்ச மரம்டி. அவுக போனப்புறம் அதப் பாத்துத்தான் நான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டேன். உங்கள் பெயரை இழுக்காமல் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன். தம்பியையே மண் அள்ளச் சொல்வேன். இரண்டு நாள் அங்கேயே இருந்து, அம்மா கையாலேயே மூடியைத் திறக்க வைப்பேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்வேன், நீங்கள் கழுவியதையும் சேர்த்து. அம்மா என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி, செல்வியின் பிள்ளை பிறக்கும்போது அந்த மரம் அங்கே நிற்காது. இது சத்தியம்.

நீங்கள் நட்டதை வெட்ட வரும்,
உங்கள் மூத்த மகள்.