கூப்பிடும் பெயர்

‘இன்னும் எவ்வளவு இளைச்சா அப்பா என்னைப் பூசணின்னு கூப்பிட மாட்டாரும்மா?’ என்று நம் மகள் கேட்டாள்.

உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே இருவரும் நலம். அவள் பக்கத்திலேயே இருப்பதால் இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நேற்று காலையில் சாப்பிடாமல் ஓடியதில் பள்ளி மைதானத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள், பயப்பட ஒன்றுமில்லை. ‘பட்டினி கிடந்து ஓடினா இளைக்கிறதுக்கு முந்தி விழுந்துடுவே. மூணு வேளையும் சாப்பிடு, சாயங்காலம் அம்மாவோட நட’ என்றார் பள்ளி நர்ஸ்.

நீங்கள் செல்லமாகத்தான் சொல்கிறீர்கள். இருந்தாலும் இனி பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அங்கே விட்டுவந்த என் நடைக் காலணியை அனுப்பி வையுங்கள். மாலையில் எனக்கும் பேச ஆள் கிடைத்தாயிற்று. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

பின்குறிப்பு: நேற்று இதைத் தபாலில் சேர்க்கவில்லை. இன்று காலை முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். நீங்கள் வீடியோவில் அழைத்தபோது அவள் முகம் தெரியாததற்குச் சிக்னல் காரணமில்லை. அவள்தான் கேமராவை அணைத்துவைத்தாள்.